புளிக்காத மாவு

வெண்குகையில் யாரும் ‘பசிக்கிறது’ என்று சொல்வதில்லை. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. நிலவின் தரைக்கடியில் இருந்த அந்நகரில், உணவு நெய்யும் எந்திரமான கரிநெய்வி வருவதற்கு முந்தைய பஞ்சத்தில் பாதிப் பேர் மாண்டிருந்தனர். அதன்பின், நிறைந்த தட்டின்முன் அமர்ந்து அச்சொல்லை உச்சரிப்பது இறந்தவர்களைப் பரிகசிப்பதாகிவிட்டது.

மனிதர் வெளிவிடும் மூச்சிலிருந்து கரியணுக்களைப் பிரித்து, சங்கிலியாகக் கோத்து, மாவும் கொழுப்பும் புரதமுமாக ஆக்கித் தந்தது கரிநெய்வி. ஒவ்வொரு மூலக்கூறிலும் அணுக்களை அது எண்ணிப் பார்த்தது. எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை.

ஆயினும் வேதியியலாளர் நன்முல்லையின் இழை என்ற ஆறு வயது மகள் சில வாரங்களாகத் தேய்ந்துகொண்டே வந்தாள். “வயிறு நிறைஞ்சுதாம்மா இருக்கு. ஆனா...” என்று ஒருமுறை தொடங்கியவளின் வாயைத் தாயே பொத்தினாள்.

மகள் ஆசைப்படுவாளென்று இட்லிக்காக நெய்வி மாவைக் கரைத்து, ஆய்வகத்தில் உறைநிலையில் இருந்த, மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளைக் கலந்து வைத்தாள். பூமியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பிடி அரிசிமாவையும் பக்கத்தில் அவ்வாறே வைத்தாள். மறுநாள் அரிசிமாவு பொங்கி வழிந்திருந்தது. நெய்வி மாவு அசையவே இல்லை. மூலக்கூறுகள் வலமா இடமா என்று காட்டும் முனைவாக்கிய ஒளியை அதன் கரைசலுள் செலுத்தினாள். வலப்புறம் திரும்ப வேண்டிய ஒளி இடப்புறம் திரும்பியது.

தலைமைப் பொறியாளர் அருளப்பனிடம் ஓடினாள்.

“மாவு புளிக்கலேண்ணே.”

“நல்லதுதானே தங்கச்சி. கெட்டுப்போகாத சாப்பாடு வேணும்னுதானே எல்லாரும் கேட்டீங்க?”

“கிருமியே தொடாததை நம்ம குடல் என்ன செய்யும்? நெய்வி கொஞ்ச நாளா எல்லாத்தையும் கண்ணாடியில தெரியிற பிம்பம் மாதிரி இடம்வலமாத் திருப்பி நெய்யுது. வலது கால் செருப்ப இடது கால்ல மாட்டுன கதை. அதே தோலு, அதே வாரு, நடக்கத்தான் முடியாது. உண்ட மாவு அப்படியே வெளியே போகுது. புள்ளைங்க வயிறு நிறைஞ்சே சாகுதுங்க.”

அருளப்பன் தளர்ந்திருந்த இடுப்புப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “தெரியும்.”

“நிறுத்திட வேண்டியதுதானே?”

“என்னாலயும் முடியாது. நெய்வியைச் செஞ்சவர் அதிகாரிங்கள நம்பல; சாப்பிடுறவங்களத்தான் நம்பினார். பந்தியில ஒருத்தர் பசிக்குதுன்னு சொன்னா, நெய்வி தானா நின்னு தன்னையே சோதிச்சுக்கும். அவசரக் கிடங்கும் அப்பத்தான் திறக்கும். அரிசி கொஞ்சம் இருக்கு. அரை வயித்துக்காவது கஞ்சி காய்ச்சலாம்.”

“அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமே?”

“எங்கம்மா அந்தப் பஞ்சத்துலதான் போனாங்க,” என்றார் அவர். “அந்தச் சொல்லு வாயில வரமாட்டேங்குது.”

அன்றைய பந்தியில் இழைக்குத் தட்டைத் தூக்கும் வலுவில்லை. தாயின் தோளில் சாய்ந்தபடி மென்றாள். எல்லோரும் உண்டு முடித்ததும், வழக்கம்போலக் கூரையிலிருந்து நெய்வியின் குரல் கேட்டது:

“அனைவருக்கும் நிறைந்ததா?”

“நிறைஞ்சது,” என்றது கூடம். அருளப்பனின் உதடுகளும் அசைந்தன.

வழித்துத் துடைத்த தட்டோடு நன்முல்லை எழுந்தாள். கூடத்தின் கண்கள் அவள்மீது திரும்பின. ஒருவர் அவள் சேலையைப் பற்றி இழுத்தார்.

“எனக்குப் பசிக்குது,” என்றாள்.