அருமைநாயகத்தின் துவக்கப் பூட்டு

காலை மணி ஒலித்ததும் அருமைநாயகம் பனியனைத் தூக்கிவிட்டு இதயத்தை சார்ஜரில் செருகினார். பிறகுதான் காபி. நிலவிலுள்ள வெண்குடி என்ற ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் இதுதான் வழக்கம். நிலவின் குறைந்த ஈர்ப்பில் சொந்த இதயம் சோம்பேறியாகிவிடும் என்பதால், அந்த வயதில் இயந்திர இதயம் பொருத்திவிடுவார்கள்.

அன்று மணிக்கட்டுத் திரையில் இதயம் தயாரித்த கம்பெனியின் அறிவிப்பு வந்திருந்தது. அவருடைய மாடலுக்கான ஆதரவு அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதன்பின் இதயம் 'நிதான நடை'யில் மட்டுமே இயங்கும்.

"நிதான நடைன்னா என்னங்க?" என்றாள் மனைவி பொன்சுந்தரி.

"மாடி ஏறக்கூடாது. வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. உன்கூட சண்டை போடக்கூடாது."

"கடைசி ஒண்ணு நல்லதுதான்!"

சிரித்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து அறிவிப்பை மறுபடி படித்தாள். புதிய இதயம் வைக்க மார்பை மறுபடி பிளக்க வேண்டும். அவருடைய வயதில் டாக்டர்கள் தயங்கினார்கள்.

இன்னொரு வழி இருந்தது. ஒவ்வொரு இதயத்திலும் ஒரு துவக்கப் பூட்டு உண்டு. கம்பெனியின் மென்பொருளைத் தவிர வேறெதையும் அது ஓடவிடாது. அதைத் திறந்துவிட்டால், பொதுமக்களே எழுதிப் பகிரும் 'பொதுத்துடிப்பு' மென்பொருளைப் போட்டுக்கொண்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

திறப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு சட்டம். ஒரு கம்பெனி கேட்டவுடன் சாவியைக் கொடுத்துவிட்டு, 'இனி உங்கள் பாடு' என்று கும்பிடு போடும். இன்னொன்று தன் ரசிகர் மன்றத்தில் சேர்ந்து தினமும் புகழ்ந்து எழுதுபவர்களுக்கு மட்டும் தரும். மூன்றாவது, என்ன கெஞ்சினாலும் தராது. அருமைநாயகத்தின் கம்பெனி ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும். திருடர்களைத் தடுக்கவாம். ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை யார் திருடுவார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சாவி கேட்டு விண்ணப்பித்த ஏழாம் நாள், இதயம் பழுதுபார்க்கும் மெஹருன்னிசாவின் கடையில் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, பூட்டைத் திறந்தா உள்ள இருக்கிற பழக்கப் பதிவு எல்லாம் அழிஞ்சிடும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் அப்படித்தான். எப்போ வேகமா துடிக்கணும், எப்போ அடங்கணும்னு உங்க இதயம் பதினோரு வருஷமா கத்து வச்சிருக்கு. இனிமே முதல்லேருந்து கத்துக்கணும். சம்மதமா?"

பொன்சுந்தரி அருமைநாயகத்தின் மார்பைப் பார்த்தாள். அங்கே பொத்தான் அளவில் ஒரு விளக்கு உண்டு. சாதாரணத் துடிப்புக்கு நீலம், துள்ளினால் ஆரஞ்சு. பயிர்க்கூடத்தில் வேலை முடிந்து, லிஃப்டில் ஏறியதும் 'வந்துட்டேங்க' என்று அவருக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு அவள் வீட்டுக்குள் நுழையும்போது, சட்டைக்குள் அந்த ஆரஞ்சு எரியும். பதினோரு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் செருப்பைக் கழற்றுவது அவளுடைய தினசரி சந்தோஷம்.

"அழிஞ்சா என்னைத் தெரியுமாம்மா அதுக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"இவருக்குத் தெரியும்ல? இதயம் தானா கத்துக்கும்."

"இவர் உயிரோட இருந்தா போதும். திறந்திடும்மா."

வெளிப் பம்பு ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்க, பூட்டு திறந்தது. பொதுத்துடிப்பு ஏறியது. அன்று மாலையே அருமைநாயகம் மாடி ஏறினார்.

மறுநாளிலிருந்து பொன்சுந்தரி ஒரு பரீட்சை வைத்தாள். இதயம் தன்னைத் தானாக அடையாளம் காண்கிறதா என்று பார்க்க, செய்தி எதுவும் அனுப்பாமல் ஓசைப்படாமல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

நீலம்.

அடுத்த நாள் புதுப் புடவை கட்டிப் பார்த்தாள். நீலம். அதற்கடுத்த நாள் மல்லிகை வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். "சளியா? தைல வாசம் வருதே" என்றார் அவர். நீலம்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சட்டைக்குள் ஆரஞ்சு எரிந்தது! அவள் முகம் மலர்ந்து நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க வந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. காலுறைக்குத் தள்ளுபடியாம்."

அவள் எழுந்து அடுக்களைக்குள் போய் மெஹருன்னிசாவை அழைத்தாள்.

"ஒரு நாள்ல எதுக்கு அடிக்கடி பரபரக்கிறாரோ, அதைத்தான்க்கா இதயம் முதல்ல கத்துக்கும்" என்றாள் மெஹருன்னிசா தயக்கத்தோடு. "செய்தி மணி நாள் முழுக்க அடிக்குதுல்ல..."

"அப்போ அழிஞ்சுபோன அந்தப் பழைய பதிவு?"

பதிலுக்குக் காத்திராமல் பொன்சுந்தரி அழைப்பைத் துண்டித்தாள். லிஃப்டிலிருந்து தட்டிய செய்திகள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. பதினோரு வருடமும் ஆரஞ்சு எரிந்தது அந்தச் செய்தி மணிக்குத்தான். அடுப்பில் ஒரு தோசை வார்த்து எடுத்தாள். பிறகு, பத்தடி தூரத்தில் இருந்தவருக்குத் திரையில் தட்டினாள்: 'தோசை ரெடிங்க.'

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். சட்டைக்குள் ஆரஞ்சு ஜொலித்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"சுந்தரி! நீயா அனுப்பினே?" என்று கத்தினார்.

அவள் அடுக்களையிலிருந்தே அடுத்ததைத் தட்டினாள்: 'ஆமாங்க.'