தலைவரி கட்டும் வீடு

வெயில் இறங்கியும் புழுக்கம் குறையாத அந்தச் சாயங்காலத்தில், கதவைத் திறந்த பெரியவர் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார். குளிருக்கு என்று நினைக்க முடியாது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காதில் ஏதாவது வலி இருக்கும், நமக்கெதற்கு ஊர்வம்பு என்று அவள் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

"வரி ஆபீஸ்லேர்ந்து வரேன், ஐயா."

அவர் அவள் உதட்டையே பார்த்தார். அவள் வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னாள்.

"பாக்கி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

பாக்கி இல்லாததுதான் சிக்கலே. ஒவ்வொரு ஆளுக்கும் அரசாங்கத்துக்குத் தலைவரி உண்டு. ஒருவர் இறந்தால் வீட்டிலிருப்பவர் கையெழுத்துப் போட்டுப் பெயரை நீக்க வேண்டும். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் இறப்புப் புள்ளிவிவரமும் தலைவரி வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவளுடைய பிரிவின் வேலை. எங்கே ஒத்துப்போகிறது? சாவு கூடினாலும் வரவு மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. "செத்தவன் ஒழுங்கா கட்டறான், உயிரோட இருக்கறவன்தான் டிமிக்கி கொடுக்கறான்" என்று பிரிவுத் தலைவர் கத்துவார். ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர். அறையே சிரிக்கும், அவளும் சிரித்துவைப்பாள். மகளுக்கும் சேர்த்து அவள் வரி கட்டிக்கொண்டிருப்பது ஒலிபெருக்கிக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மகளைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நெயில் பாலிஷ் போட்டு விடும்மா, நீலம்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. பெயரை நீக்கும் படிவத்தோடு அம்மாக்காரி உட்கார்ந்த அன்று, பூட்டிக் கிடந்த மகளின் அறைக்குள் விளக்கு போடும் சத்தம் கேட்டது. பிறகு தலை எண்ணெய் வாசனை. பிறகு ஒரு முணுமுணுப்பு. என்ன பேச்சு என்று புரியவில்லை, ஆனால் அந்தக் குரலைத் தெரியாதா? பேனாவை மூடிவிட்டாள். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள், அது போதும். கதவைத் திறந்து பார்க்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.

இந்தப் பெரியவரின் மனைவி, மகன், மகள் மூவரும் ஒரே விபத்தில் போய் வருஷக்கணக்காகிறது. இன்னும் நாலு பேருக்கும் கட்டுகிறார். தன்னைப் போல இன்னொரு ஜீவன் இருக்கிறதே என்றுதான் இந்த விசாரணையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூடத்தில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மாற்றாத பூஜாடித் தண்ணீரின் வாடையும், அதை அமுக்குவதற்காகவே தெளித்தது போன்ற ஃபினாயில் நெடியும், துவைத்துக் காயாத துணியின் ஈரமும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தன. மேசையில் கழுவிக் கவிழ்த்த நாலு தட்டுகள். உள்ளறைக் கதவு மூடியிருந்தது, அதன் அடியில் தரையோடு ஒரு சுருட்டிய துணி.

"எல்லாரும் இருக்காங்களா, ஐயா?"

உதட்டைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இருக்காங்கம்மா. உள்ளதான். என்னை விட்டுட்டு எங்க போவாங்க?" அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கு யாரும்மா?"

"பொண்ணு."

அவர் அவள் தலையில் கை வைத்தார். மாதக்கணக்காக யாரும் அவளை அப்படித் தொட்டதில்லை. அழுதுவிட்டாள்.

"பேர் இருக்கற வரைக்கும் ஆளும் இருக்கும். கட்டிக்கிட்டே இரு. உக்காரு, டீ போட்டுக் கொண்டாரேன்."

அவர் சமையலறைக்குள் போனார். ஸ்டவ் பற்றிக்கொள்ளும் சத்தம். பாத்திரச் சத்தம். அதற்கிடையே, உள்ளறைக் கதவின் அந்தப் பக்கம் ஏதோ மெல்லச் சுரண்டியது.

"யாரோ வந்திருக்காங்க." பெண் குரல். பிறகு, கதவுக்கு மிக அருகில், "உங்களுக்குக் காது கேக்குதா?"

அவள் கதவுப் பக்கம் குனிந்தாள். "கேக்குது."

"கேக்குதாம், கேக்குதாம்" என்று உள்ளே சின்னக் குரல்கள் பதறின.

"அவர்கிட்ட சொல்லுங்கம்மா. எங்க பேரை எடுக்கச் சொல்லுங்க. இங்க இருக்கறது வலிக்குது."

"தினமும் சொல்றோம்" என்றது பையன் குரல். "அப்பா முதல்ல கேட்டுக்கிட்டு அழுதாரு. அப்புறம் பஞ்சு வச்சுக்கிட்டாரு."

சுருட்டிய துணி நகர்ந்தது. விரல்கள் வெளியே வந்தன. சின்ன விரல்கள். ஒன்றிலும் நகம் இல்லை. சுரண்டிச் சுரண்டித் தேய்ந்திருந்தன.

பெரியவர் இரண்டு கையிலும் டம்ளரோடு வந்தார். நடக்கிற நடையிலேயே, பழகிய மாதிரி, துணியைக் காலால் தள்ளி இடுக்கை அடைத்தார். ஒரு சொட்டு டீ சிந்தவில்லை.

"குடிம்மா, ஆறிடும்."

எப்படி வெளியே வந்தாள், எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பெற்ற பிள்ளை வலியில் கிடக்க, தாய் வேடிக்கை பார்ப்பாளா?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் மகளின் அறை வாசலில் உட்கார்ந்தாள். முணுமுணுப்பு கேட்டது. முதல்முறையாகக் கதவில் காதை வைத்தாள்.

"அம்மா. வலிக்குதும்மா. என்னை அனுப்பிடும்மா."

"அனுப்பறேன் கண்ணு. இதோ."

படிவத்தை விரித்தாள். மகளின் பெயரை எழுதினாள். பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தது.

"அம்மா" என்றது குரல் மறுபடி.

இதைப் போட்டால் அந்தச் சொல்லும் நின்றுவிடும். நாளைச் சாயங்காலம் இந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் கட்டிலும் புத்தக அலமாரியும்தான் இருக்கும். இனி இந்த உலகத்தில் அவளை அம்மா என்று கூப்பிட ஒரு உயிர் கிடையாது.

"அம்மா."

பேனாவை மூடினாள்.

எழுந்து போனாள். காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துகள் அலமாரியில் அப்படியே இருந்தன. அவற்றின் பின்னால் பஞ்சு. பிய்த்தாள். ஒரு காது. இன்னொரு காது.

திரும்பி வந்தபோது கதவின் அடியில் நாலு விரல்கள் நீண்டிருந்தன. நகங்களில் நீலச் சாயம் பாதி உரிந்திருந்தது. அவள் மண்டியிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் முத்தம் கொடுத்தாள். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கில் வைத்து, காலால் மெதுவாக உள்ளே தள்ளினாள்.