மூன்றாம் ஐயம்

“இது உங்கள் பொருள் அல்ல. தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்றது சிட்டு.

குரல் என்னவோ இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒண்டிப்புதூர் வீட்டுவசதிக் குடியிருப்பின் நான்கு மாடிக்கும் கேட்டது. காரின் கூரைமேல் சிவப்பு விளக்கு சுழன்றது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கிளிப்பும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

கனகராஜ் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். போனவர், யாரும் கேட்காமலே, காரைப் பார்த்து “மன்னிச்சுக்குங்க” என்றார்.

தன் சொந்தக் காரிடம். பதினோரு நாளுக்கு முன்னால் தன் பெயரில் பதிவாகி வந்து நின்ற காரிடம்.

அவர் மகள் தன்ஷிகாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கத்தியது இயந்திரம், அதற்குச் சூடு சொரணை கிடையாது. இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? படியிறங்கி ஓடி வந்து முன்கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளிருந்து எழுத்துகள் ஒளிர்ந்தன. இரண்டாம் ஐயம் பதிவாகிவிட்டது. மூன்றாம் ஐயம் விழுந்தால் வண்டி தானாகவே மீட்பு முற்றத்துக்குப் போய்விடும். அங்கே போன வண்டி திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. முறையிடலாம்தான். முறையீட்டைக் கேட்பதும் இதே இயந்திரம்தான்.

முதல் ஐயம் கார் வந்த அன்றைக்கே விழுந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறப் போனார். அதனால்.

சிட்டு சின்னக் கார். ஊரில் மூன்றில் ஒன்று சிட்டுதான். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்பதால் திருடர்களுக்கும் அதுதான் செல்லம். காலையில் காணாமல் போன சிட்டு மதியத்துக்குள் நான்கு துண்டாக நான்கு சிட்டுகளுக்குள் புகுந்துவிடும். சாவி போட்டார்கள், திருடன் நகல் எடுத்தான். கைப்பேசியில் பூட்டினார்கள், உடைத்தான். முகம் பார்த்துத் திறக்க வைத்தார்கள், அந்த முகத்தையே செய்து மாட்டிக்கொண்டு வந்தான். கடைசியில்தான் உரிமையறி வந்தது.

உரிமையறிக்குச் சாவி வேண்டாம், முகம் வேண்டாம், ஆள் நடந்து வரும் விதம் போதும். தன் பொருளை நோக்கிப் போகிற மனிதனுக்கு ஒரு நடை உண்டு. அவன் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை. கதவைத் தொடும்போது அவன் விரல் கனமாக விழுகிறது, மூச்சு மாறுவதில்லை. அடுத்தவன் பொருளைத் தொடுகிறவனுக்கு இது எதுவும் வராது, பழகினாலும் வராது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். இரண்டே வருடத்தில் கார் திருட்டு என்பது பழைய செய்தித்தாளில் படிக்கிற விஷயமாகிவிட்டது. காவல்துறை ஒப்புக்கொண்டது, காப்பீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், சட்டமும் வந்தது. ‘காகிதம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது’ என்று ஊர்ப் பேருந்து முழுக்க விளம்பரம்.

கனகராஜிடம் காகிதம்தான் இருந்தது.

ரேஸ்கோர்ஸில் ஒரு மில் முதலாளி வீட்டில் முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டியவர். வால்பாறைக்கு அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் முதலாளி குடும்பத்தை எத்தனை முறை ஏற்றி இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் மேகம் ரோட்டுக்கு வந்ததை, வரையாடு நின்று பார்த்ததை மனைவி பூங்கொடியிடம் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். அவள் வால்பாறை பார்த்ததில்லை. காரின் முன் இருக்கையில் உட்கார்ந்ததும் இல்லை. ஓய்வு பெற்றதும் சிட்டு வாங்கியதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை மேலே கூட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதர் கேட்டது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு தன்ஷிகாவுக்கு இறங்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரியும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

உரிமையறி செய்கிற நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை. அவிநாசி சாலையில், கண்ணாடிக் கட்டடத்தில். பதவியின் பெயர் குறியிடுநர். இயந்திரம் எதையும் தானாகக் கற்றுக்கொள்ளாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். கிளப் வாசலிலும் விமான நிலையத்திலும் எடுத்த காட்சிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒருவர் காரை நோக்கி நடந்து வருவார். அவர் யார், கார் யாருடையது என்று ஒரு விவரமும் இருக்காது. நடையைப் பார்த்து அவள் மூன்று பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். பச்சை என்றால் உரிமையாளர், மஞ்சள் என்றால் ஓட்டுநர், சிவப்பு என்றால் திருடர். எதற்கு எதை அழுத்துவது என்பதற்கு ஒரு விதிப் புத்தகம். மூன்று இடத்தில் தயங்கினால் சிவப்பு.

ஒரு காட்சி அவளுக்கு மறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், நடுத்தர வயது. காருக்குப் பத்தடி முன்னால் நின்றார். கையைச் சட்டையில் துடைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த அறுபது பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். புதுத்துணி போட்டுக்கொண்டால் அவர்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து இருபதாவது நாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு அந்த மாதிரிக் கட்டடத்துக்குள் போன முதல் ஆள். வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்கிறாள் என்று பேர் எடுக்கப் பயந்தாள்.

சிவப்பை அழுத்தினாள். அதற்கப்புறம் அப்படி எத்தனை பேரை அழுத்தினாள் என்று கணக்கில்லை.

மறுநாள் அணித்தலைவரிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நூற்றுக்கு ஒன்றரைதான் பிழை, உலகத்திலேயே இதுதான் குறைவு என்றார். அந்த ஒன்றரை பேர் யார் யார் என்று பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள்.

“பார்த்தோம். அவங்க பெரும்பாலும் கார் வாங்குறவங்க இல்ல தன்ஷிகா.”

“இப்ப வாங்கிட்டாங்க சார்.”

என்னால் முடிந்தது ஒன்றுதான், மூன்றாவது முறை அப்பா கதவைத் தொடும்போது, நேரில் சரிபார்க்கிற மெய்ப்பு அலுவலர் ஒருவரைக் கூடவே அனுப்பிவைக்கிறேன் என்றார். அப்போது சிட்டு யாரை ஏற்றுக்கொள்கிறதோ, அவரே நிரந்தர உரிமையாளர்.

அலுவலர் வர நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் தன்ஷிகா அப்பாவுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

சிட்டுவின் பார்வை படாத இடமாகப் பார்த்து, குடியிருப்பின் பின்பக்கம் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காராக வைத்துக்கொண்டார்கள். பூங்கொடி படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கியபடி வேடிக்கை பார்த்தாள். குனியாதீர்கள், கையைத் துடைக்காதீர்கள், தொட்டியை மட்டும் பாருங்கள் என்று மகள் சொல்லச் சொல்ல, அவர் தொட்டிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே நடந்தார்.

“திமிரா நடங்கப்பா. உங்க காரு அது.”

“நம்ம பொருளுன்னா அதுகிட்ட எதுக்குக் கண்ணு திமிரு?”

பூங்கொடிதான் குறுக்கே விழுந்தாள். “என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நடந்தீங்களே, அப்படி நடங்க.”

“அன்னைக்குக் காலு நடுங்குச்சு புள்ள.”

“அது தெரிஞ்சுதான கட்டிக்கிட்டேன்” என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள். அந்த நான்கு நாளில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தன்ஷிகா சலித்துப்போய், உங்கள் முதலாளி எப்படி நடப்பார், அப்படியாவது நடந்து காட்டுங்கள் என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவே.

கனகராஜ் ஒரு நிமிடம் நின்றார். தோள் பின்னால் போனது. வயிறு முன்னால் வந்தது. கண் எதையும் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் போய்வந்தது. செருப்பு தரையில் அறைந்தது. முப்பத்தோரு வருடம் கண்ணாடியிலும் வாசலிலும் பார்த்துப் பார்த்து உடம்புக்குள் சேர்த்து வைத்திருந்த நடை அது. ஒரு எட்டுகூடப் பிசகவில்லை. தொட்டிக்கு முன்னால் போய் நின்று, திரும்பாமலே, வேறொருவர் குரலில் சொன்னார்:

“டேய் கனகு. வண்டிய எட்றா.”

அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவருக்கும் சட்டென்று ஏதோ போலாகி, தோளைத் தொங்கவிட்டு, “அப்படித்தான் சொல்வாப்புல” என்றார். தன்ஷிகா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்த நடை போதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆயிரமாயிரம் காட்சிக்குப் பச்சை அழுத்திய விரல் அவளுடையது.

மெய்ப்பு அலுவலர் காலை எட்டு மணிக்கு வந்தார். பெயர் விக்ராந்த். தன்ஷிகாவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நல்ல பையன். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் பின்னால் அவளை இன்னும் வதைத்தது. கனகராஜின் கையைப் பிடித்துக் குலுக்கி, பயப்படாதீர்கள் அங்கிள் என்றார். பூங்கொடி மாம்பழக் கலர்ச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, வால்பாறைக்கு என்று கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு ஓரமாக நின்றாள். மாடிகளில் ஆள் இருந்தது.

கனகராஜ் நடந்தார். முதலாளியாகவே நடந்தார். பத்தடியில் சிட்டுவின் நெற்றியில் மெல்லிய பச்சை படர்ந்தது. எட்டடி. ஐந்தடி. பச்சை அடர்ந்துகொண்டே வந்தது.

முதலாளியின் நடை எங்கே போய் முடியும் என்று அப்பாவும் மகளும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். அது பின்கதவில்தான் போய் முடியும். எந்த முதலாளியும் முன்கதவுக்குப் போனதில்லை.

கனகராஜ் நேராகப் பின்கதவுக்கு வந்து நின்றார். கதவு தானாகத் திறந்துவிடும் என்பதுபோல ஒரு கணம் காத்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அந்த இடத்தில் கதவைத் திறக்க எப்போதும் ஒரு ஆள் இருந்திருக்கிறார். இப்போதும் இருந்தார். கனகராஜின் கை போய்க் கதவைத் திறந்தது. உடம்பு ஒதுங்கியது, முதுகு வளைந்தது, ஏறுகிறவர் தலை இடித்துவிடாமல் இடது உள்ளங்கை கதவின் மேல்விளிம்பில் போய் நின்றது. ஏற யாருமில்லை.

பச்சை மஞ்சளானது.

“வணக்கம். ஓட்டுநர் அறியப்பட்டார்” என்றது சிட்டு. “உரிமையாளர் அமர ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன். அவர் வரவில்லையெனில் மூன்றாம் ஐயம் பதிவாகும்.”

கனகராஜ் தன் கையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அதுவும் ஓட்டுநர் நிற்கிற மாதிரியாகவே ஆயிற்று.

விக்ராந்த்தான் முதலில் பேசினார். குடும்பத்தில் யாராவது ஒருவர் உரிமையாளராக உட்கார்ந்தால் போதும், சீக்கிரம் என்றார். பூங்கொடியை ஏற்றினார்கள். அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சேலை மெத்தையில் படாமல் ஒதுக்கிக்கொண்டு, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். சிட்டு பேசவில்லை. மஞ்சள் மாறவில்லை. நான்கு நிமிடம், மூன்றரை என்று கண்ணாடியில் எண் இறங்கியது.

அவளை இறக்கிவிட்டு தன்ஷிகா ஏறினாள். அவளுக்கு என்ன குறை? பட்டம் இருக்கிறது, கழுத்தில் அட்டை இருக்கிறது, அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கதவை அறைந்து சாத்தினாள். கால்மேல் கால் போட்டாள். காத்திருந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: முதுகு இருக்கையில் சாயவில்லை. சாய்த்தாள். அது தானாகவே முன்னால் வந்தது. பேருந்திலும் வகுப்பிலும் அலுவலகத்திலும், எழுந்திரு என்று யாராவது சொன்னால் உடனே எழுந்துவிடத் தோதாக, வாழ்நாளெல்லாம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை தெரியவில்லை. இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நிமிடம் என்றது கண்ணாடி.

“நான் உட்காரட்டுமா அங்கிள்?” என்றார் விக்ராந்த். “வண்டி முற்றத்துக்குப் போயிடக் கூடாது. காகிதத்துல உங்க பேர்தான் இருக்கும்.”

கனகராஜ் மகளைப் பார்க்கவில்லை. “உக்காருங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

தன்ஷிகா இறங்கினாள். விக்ராந்த் ஏறினார். விசேஷமாக எதுவும் செய்யவில்லை அவர். சாய்ந்தார். ஒரு கையை இருக்கையின் முதுகின் மேல் நீட்டிப் போட்டார். கைப்பேசியை எடுத்து அதைப் பார்க்க ஆரம்பித்தார்.

“நல்வரவு” என்றது சிட்டு. “உரிமையாளர் உறுதி செய்யப்பட்டார். ஐயங்கள் நீக்கப்பட்டன.” இயந்திரம் உயிர்பெற்றது. மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

கனகராஜின் முகத்தில் நிம்மதி வந்தது. வராமல் என்ன செய்யும்? கார் பிழைத்துவிட்டதே. பின்கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பதினோரு நாளும் கூடுதல் நான்கு நாளுமாக உட்கார ஆசைப்பட்ட இருக்கை. ஸ்டியரிங் வளையத்தை ஒருமுறை தடவினார். தன் சொந்தக் காரில் அவருக்கு அது முதல் தடவை.

“அம்மா, முன்னாடி ஏறிக்கோ” என்றாள் தன்ஷிகா.

பூங்கொடி அசையவில்லை. பெரிய வீட்டு வண்டி கிளம்பும்போது வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்களே, அதேபோல் பாதையை விட்டு ஒதுங்கி, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அவிய போயிட்டு வரட்டும் சாமி. நாம இன்னொரு நாளைக்குப் போய்க்கலாம்.”

உள்ளே கனகராஜ் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் பின் இருக்கை தெரிந்தது. சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர் தெரிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தலையைப் பாதி திருப்பி, அவர் கேட்டார்:

“எங்கீங் சார் போகோணும்?”