கம்பியின் முனை

காலடிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குக் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் நொண்டிக்கொண்டு வந்தாள். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டீசல் புகை உள்ளேயும் அடித்தது. வலது முட்டிக்கு எக்ஸ்ரே எழுதியிருந்தார்கள். பெயர் கேட்டேன்.

“ஜானட். சிலுவையம்மா பொண்ணு. போன வருசம் எங்கம்மாவ நீங்கதாண்ணா படம் எடுத்தீங்க.”

படிவத்தை அவளிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிலுவையம்மாள் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவள். அப்படி மாற்றியவர்களுக்குத் தொடை எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பி இறங்கியிருக்கும். படம் எடுத்தால் அதன் முனைவரை எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் அது பாலபாடம். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். “இன்னும் கொஞ்சம் கீழ எடு நைனா, அங்கதான் வலிக்குது” என்று அவள் தொடையைத் தொட்டுக் காட்டினாள். “இடுப்புன்னுதான் எழுதியிருக்கு, சும்மா படும்மா” என்றேன். எனக்குச் சோறு பெரிதாகப் போய்விட்டது. படத்தில் முனை வரவில்லை. கோளாறு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் போனது.

பத்தாம் நாள் மாடிப்படியில் விழுந்தாள். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்த டாக்டர் என்னைப் போனில் பிடித்தார். “முனைக்குக் கீழ இருந்தது பழைய விரிசல்யா. நீ ஏன் எடுக்கல?” சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜானட் மேஜையில் படுத்தாள்.

“ஒண்ணுமில்லன்னுதானே ரிப்போர்ட்டு வந்துச்சு? வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்துச்சு. நடிக்கிறியான்னு திட்டி, நான்தான் துணி காயப்போட மாடிக்கு அனுப்ச்சேன். நான்தாண்ணா கொன்னுட்டேன்.”

எக்ஸ்ரே குழாயை அவள் முட்டிக்கு நேராக வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் முட்டி வரவில்லை.

தொடை எலும்பு. உள்ளே கம்பி. கம்பியின் முனைக்குக் கீழே மயிரிழையாக ஒரு விரிசல்.

ஆபரேஷன் எதுவும் செய்ததில்லை என்றுதான் ஜானட் படிவத்தில் எழுதியிருந்தாள். பழைய படம் ஏதோ திறந்துகொண்டது என்று எனக்கு நானே சொல்லி, அதை அழித்தேன். மறுபடி எடுத்தேன்.

விரிசல் அகலமாகியிருந்தது.

ஏசி அறையில் திடீரென்று வலித்தைல வாசனை. என் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

“இன்னும் கொஞ்சம் கீழ எடு நைனா.”

தடுப்பைவிட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ஜானட்டின் அருகில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் சாப்பிடப் போன அவசரம், விட்டுப்போன முனை, டாக்டரின் போன், எல்லாம்.

“உங்கம்மா நடிக்கலம்மா. உன்மேல தப்பே இல்ல. நான்தான் பாவி.”

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“அப்போ எங்கம்மா பொய் சொல்லல,” என்றாள் மெல்ல. பிறகு, “படத்த எடு.”

மூன்றாவது முறை முட்டி சரியாக வந்தது. அவளே இறங்கி நொண்டியபடி வந்து, திரையைப் பார்த்தாள்.

“என் கால புடிச்சிகினு கீறது யாரு கை?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐந்து எலும்பு விரல்கள் அவள் முட்டியைச் சுற்றிப் பிடித்திருந்தன. படம் எடுக்கும்போது மேஜைப்பக்கம் அவளைத் தவிர யாருமில்லை. ஒரு விரலில் வெள்ளையாக மோதிரம் தெரிந்தது; அதன்மேல் சின்னதாக ஒரு சிலுவை.

“பொதைக்கிறப்போ நான்தான் மாட்டி வுட்டேன்,” என்று கிசுகிசுத்தாள் ஜானட்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, முட்டியின்மேல் கையை வைத்தாள்.

கை முட்டியைத் தொடவில்லை. ஒரு விரற்கடை மேலே, எதன்மேலோ படிந்து நின்றது. அங்கேயே வைத்து அவள் தடவிக் கொடுத்தாள்.