காணாமல் போன இலைப்பலகை

ஸ்டூடியோவில், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி வந்து உட்கார்ந்த முக்காலிக்குப் பின்னால், திரையில் ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. எல்லையைத் தாண்டப் போகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்காக வருகிற கடை அது. அருவிக்கு முன்னால் யாரும் உட்கார்வதே இல்லை. முத்தவல்லிக்கு அதையெல்லாம் கவனிக்கிற நிலைமை இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "பலகையைக் காணோம்மா," என்றார்.

அவர் சொன்னது ஸ்டூடியோக்காரரிடம் அல்ல, மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரின் அண்ணியிடம். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளுக்கு ஊரில் சுங்கத்தம்மா என்றே பெயர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. பெட்டிக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்வார், அவ்வளவுதான்.

"எந்தப் பலகை? முன்கூடத்துல இருக்குமே, இலை செதுக்கின பச்சைப் பலகை, அதா?"

"அதேதான். பள்ளிவாசல் ஆரம்பிச்ச வருஷம் அதுலதான் இருக்கு. நாளைக்குக் காலையில துறைமுகத்துப் பொறியாளர் வர்றார். ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். முன்கூடம் துறைமுகத்துக்கு முன்னாடியே இருந்ததுன்னு காட்டினா விட்டுடுவாங்க. இல்லன்னா ஆக்கிரமிப்புன்னு இடிச்சுடுவாங்க. நமக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பலகை. நேத்து மத்தியானம் லுஹர் தொழுகைக்கு இருந்துச்சு, சாயங்காலம் அஸருக்குக் காணோம்."

சுங்கத்தம்மா நாளிதழை நான்காக மடித்தார். அந்தக் கூடத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லைக் கதவு அடைபடும் நாட்களில் அக்கரைக்குப் போக முடியாதவர்கள் மூட்டை முடிச்சோடு படுத்துக் கிடப்பது அங்கேதான். யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர வந்த காலத்தில், கலவரத்தால் பேருந்துகள் நின்றுபோய், கைக்குழந்தையோடு அவரும் அங்கே தங்கியிருக்கிறார். அந்தக் கூடம் போய்விட்டால் அடுத்த முறை அந்த ஜனங்கள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

"தம்பி, வண்டியை எடுங்க," என்றார்.

வழியெல்லாம் ஸ்டூடியோக்காரர் வழக்கை முடித்துக்கொண்டே வந்தார். "அண்ணி, இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. முத்தவல்லியோட மச்சான்தான். பழசை இடிச்சுட்டு மார்பிள் போட்டுப் புதுசாக் கட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளு. பலகை போனா யாருக்கு லாபம்?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க தம்பி."

பள்ளிவாசலின் முன்னால் சாலையை ஒட்டி ஒரு குறுகிய முற்றம். அதன் ஒரு மூலையில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டி. மறு மூலையில், இறந்தவர்களைச் சுமந்து செல்லும் சந்தூக்கு வைத்திருக்கும் தகரக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே முன்கூடத்தின் வாசல். ஸ்டூடியோக்காரர் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த பெரிய இரும்பு வளையத்தில் ஹெல்மெட்டை மாட்டினார். கீழ்ப்பாதி தேய்ந்து மெலிந்திருந்த அந்த வளையத்தில் ஊரே பை மாட்டும், குடை மாட்டும்.

வாசலில் கொத்தனார் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "நேத்து மத்தியானம் வாசப்படியை அழகாப் பூசிட்டு டீ குடிக்கப் போனேம்மா. வர்றதுக்குள்ள எவனோ கால வச்சுட்டான். பாருங்க."

சுங்கத்தம்மா குனிந்து பார்த்தார். இறுகிப்போன சிமென்ட்டில், வெளியே போகும் திசையில் ஓர் இடது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. செருப்பில்லாத கால். அதற்குப் பக்கத்தில், உள் விளிம்பில், வலது காலின் விரல்கள் மட்டும் லேசாகப் பட்டு விலகிய தடம். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வேலையை எதுக்கு ஒத்துக்கிட்டோம்னு இருக்கு," என்று கொத்தனார் தொடர்ந்தார். "படி ஆட்டங்கொடுக்குதேன்னு முற்றத்தைத் தோண்டினா, கீழ இன்னொரு படி. அதுக்குக் கீழ இன்னொண்ணு. தரைக்குள்ள யாரு படி கட்டுவா? அதுலயும் கல்லு பூரா சிப்பி ஒட்டிக்கிட்டிருக்கு. சுரண்டினா கையைக் கிழிக்குது."

அவர் இன்னும் மூடாமல் விட்டிருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சுங்கத்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனார். கூடத்தில் விரித்திருந்த பாய்கள் சுவருக்கு இணையாக இல்லை. வரிசை வரிசையாகக் கோணலாகக் கிடந்தன. "தொழறப்போ பாத்து நிக்கிற கிப்லாத் திசை அந்த மூலைப் பக்கம்மா," என்றார் முத்தவல்லி. "பின்னாடி தொழுகைக் கூடம் சரியாத்தான் இருக்கும். இது மட்டும் இப்படி. அந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் திசை தெரியல போல."

வாசலில் இருந்த இந்தக் காலத்துக் கொத்தனார் இருமினார்.

பலகை இருந்த இடம் தொழுகைக் கூடத்துக்குப் போகும் உள்வாசலின் மேலே. இரண்டு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். கீழே தரையில், கூட்டியும் போகாத பச்சைப் பெயின்ட் துணுக்குகள். சுங்கத்தம்மா ஒன்றை விரலில் ஒற்றி எடுத்தார். பல வருடத்துப் பெயின்ட், அடுக்கடுக்காகத் தடித்திருந்தது.

"வருஷா வருஷம் நாங்களே பெயின்ட் அடிப்போம்," என்றார் முத்தவல்லி. "எழுத்து மறைஞ்சுடக் கூடாதுன்னு அதும்மேலயே தங்கக் கலர்ல எழுதுவோம்."

தொட்டியருகே மோதினார் நின்றிருந்தார். தொழுகைக்கு அழைப்புச் சொல்பவர். நாற்பது வயது, அதிர்ந்து பேசாதவர். தொட்டிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த துணியிலிருந்து, பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வந்தது. சுங்கத்தம்மா சலாம் சொன்னார். அவர் பதில் சலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை.

எதிர்ப்புறம் டீக்கடைக்காரர் சத்தியமே செய்தார். "முற்றத்துக் கதவு என் கண்ணெதிர்லதான் இருக்கு. அவ்வளவு பெரிய பலகையோட யாரும் ரோட்டுக்கு வரல."

திரும்பும் வழியில் ஸ்டூடியோக்காரர் பொறுமையிழந்தார். "மச்சானை விசாரிக்கவே இல்லையே அண்ணி?"

"எதுக்கு? அவர் வாசல்ல ஷூவைக் கழட்ட அஞ்சு நிமிஷம் ஆகும், மாட்டப் பத்து நிமிஷம். வெறுங்காலோட முற்றத்துல நடக்கிற ஆளா அவரு? நாளைக்கு எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லுங்க. கொத்தனார்கிட்ட அந்தப் பள்ளத்தை மட்டும் மூட வேண்டாம்னு சொல்லிடுங்க."

மறுநாள் காலை எல்லாரும் வந்துவிட்டார்கள். பொறியாளர் கையில் சுருட்டிய வரைபடத்தோடு நின்றார். முத்தவல்லியின் மச்சான், தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்து, கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மோதினார் தூணுக்குப் பின்னால்.

"அத்தாட்சி இருக்குன்னு சொன்னீங்க," என்றார் பொறியாளர்.

"இருக்கு, வாங்க," என்று சுங்கத்தம்மா அவரை முதலில் வாசலுக்கு அழைத்துப் போனார். "இந்த வளையத்தைப் பாருங்க. குடை மாட்டறதுக்கு இவ்வளவு தடிமனா யாராவது இரும்பு போடுவாங்களா? அடிப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. கயிறு இழுத்து இழுத்துத் தேஞ்சது. துறைமுகத்துல இந்த மாதிரி தேய்மானத்தை நான் தினமும் பாத்திருக்கேன். இது படகு கட்டுற வளையம்."

"இங்க ஏது படகு? கடல் அந்தக் கிடங்குக்கெல்லாம் அந்தப் பக்கம்ல இருக்கு," என்றார் மச்சான்.

"இப்ப இருக்கு. கீழ பாருங்க. இந்தப் படி எதுக்குத் தரைக்குள்ள இறங்குது? தரை இல்லாததால. தண்ணிக்கு இறங்கின படி இது. கல்லுல சிப்பி ஒட்டி வளர்ந்திருக்கு. கொட்டின மண்ணுல சிப்பி கலந்து வரலாம், வந்து கல்லோட ஒட்டிக்குமா? வருஷக்கணக்கா அலை அடிச்சாத்தான் அப்படிப் பிடிக்கும். கடலைத் தூர்த்துத்தானே துறைமுகத்தையும் ரோட்டையும் போட்டீங்க? அதுக்கப்புறம் ஒருத்தன் இங்க படகுத்துறை கட்டுவானா?"

பொறியாளர் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். கால்சட்டை அழுக்காவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. விரலால் கல்லைத் தடவிப் பார்த்து, "கூடம் பழசுதான்," என்றார் மெதுவாக. "ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா, பள்ளிவாசலா கட்டின மாதிரி தெரியலையே."

"கட்டல. அதனாலதான் பாய் கோணலாக் கிடக்கு. கொத்தனாருக்குத் திசை தெரியாம இல்ல. அவர் கடலைப் பாத்துக் கட்டினார். இது படகுக்காரங்களோட கொட்டகை. அக்கரையிலேர்ந்து வந்து இறங்கினவங்க தங்கின இடம். பள்ளிவாசல் ஆனது பின்னாடி."

முத்தவல்லி திடுக்கிட்டார். "இல்லம்மா. பலகையில வருஷம்..."

"பலகைக்கு வர்றேன்." சுங்கத்தம்மாவின் குரல் தணிந்தது. "அதை எடுத்தவர் திருடரில்ல. எடுக்கிறதுக்கு முன்னாடி பெயின்டைச் சுரண்டித் துடைச்சிருக்கார். தூக்கிட்டு ஓடுறவன் எதுக்குத் துடைக்கணும்? பொறியாளர் வர்றாரேன்னு சுத்தம் பண்ணியிருக்கார். பெயின்டுக்கு அடியில பாத்த ஏதோ ஒண்ணு அவரைப் பயமுறுத்தியிருக்கு. வெளிய போகும்போது சிமென்ட்ல வலது காலை வைக்க வந்தவர், விரல் படும்போதே இழுத்துக்கிட்டு இடது காலை வச்சிருக்கார். பள்ளிவாசலை விட்டு வெளிய வரும்போது இடது காலைத்தான் முதல்ல வைக்கணும், இல்லையா? நெஞ்சு படபடக்கப் பலகையைச் சுமந்துக்கிட்டுப் போறப்பவும் அது மறக்கல. அப்படிப்பட்டவர் பள்ளிவாசலுக்குக் கெடுதல் நினைச்சிருக்க மாட்டார். பலகையும் ரோட்டைத் தாண்டல. தேவை வராம யாரும் திறக்காத ஒரு இடம் இந்த முற்றத்துல இருக்கு."

தூணுக்குப் பின்னாலிருந்து மோதினார் வெளியே வந்தார். நேராகத் தகரக் கொட்டகைக்குப் போய், சந்தூக்கின் மூடியைத் திறந்து, வேட்டியில் சுற்றிய பலகையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து பாயில் வைத்தார்.

"ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு ரெண்டு நாளா அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றார். கண்கள் கலங்கியிருந்தன. "வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சு அடிச்சு, வருஷத்துல இருந்த ஆறுங்கிற எண்ணோட தலை மூடி சைபர் ஆயிடுச்சு. நிஜ வருஷம் துறைமுகத்துக்கு அப்புறம்தான். ஆபீசர் என்னைக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னா கூடம் போயிடும். பலகையே இல்லன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

முத்தவல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மச்சான் பலகையைக் குனிந்து பார்த்தார். "அந்த இலை என்ன இப்படி இருக்கு?"

பெயின்ட் போன பலகையில் இலை இல்லை. இத்தனை காலமாக இலையின் நரம்பு என்று நினைத்துத் தங்க நிறம் தீட்டியதெல்லாம் மரத்தின் வெடிப்பு. காம்பு என்று நினைத்தது நீளமான ஒரு பிடி.

"துடுப்பு," என்றார் ஸ்டூடியோக்காரர். அண்ணிக்கு முன்னால் அவர் சரியாகச் சொன்ன முதல் விஷயம் அது.

"துடுப்புதான் தம்பி," என்றார் சுங்கத்தம்மா. "கடலைத் தூர்த்ததும் படகுக்காரங்களுக்கு இங்க பிழைப்பு இல்லாமப் போச்சு. கொட்டகையை அவங்க வேற யாருக்காவது விட்டுட்டுப் போயிருக்கலாம். தங்களை நம்பி ஏறி வந்தவங்க தொழுதுக்கிட்டிருந்த இடம்னு தொழ வந்தவங்களுக்கே கொடுத்திருக்காங்க. வாங்கினவங்க அதை மறக்கக் கூடாதுன்னு வருஷத்தோட துடுப்பையும் செதுக்கி வச்சாங்க. வருஷமும் உண்மை, கூடம் அதைவிடப் பழசுங்கிறதும் உண்மை. இதுல மறைக்க என்ன இருக்கு?"

பொறியாளர் பலகையையும் கோணல் பாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை அப்போது சொன்னார். "போன மழையில எல்லையை அடைச்சப்ப எங்கம்மா அக்கரைக்குப் போக வந்து மாட்டிக்கிட்டாங்க. மூணு நாள் ஏதோ ஒரு கூடத்துல தங்கினேன், போர்வை கொடுத்தாங்கன்னாங்க. இங்கதானா?"

"இங்கதான் இருக்கும் சார்," என்றார் மோதினார். "வேற எங்க?"

பொறியாளர் வரைபடத்தை விரித்து, சாலையின் கோட்டைப் பென்சிலால் எதிர்ப்பக்கம் வளைத்தார். படியையும் வளையத்தையும் அளந்து, படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் கேமராவோடு பள்ளத்தில் இறங்கியே விட்டார்.

முத்தவல்லி சுங்கத்தம்மாவிடம் வந்தார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா."

"எனக்கா? என் மகனுக்கு இந்தக் கூடத்துலதான் காய்ச்சல் விட்டுச்சு. நான்தான் இவ்வளவு லேட்டா வந்திருக்கேன். நன்றி சொல்லணும்னா அந்தப் படகுக்காரங்களுக்குச் சொல்லுங்க."

"அவங்க பேருகூடத் தெரியாதே."

"தெரியாட்டி என்ன?" என்றார் மோதினார், பலகையைத் துடைத்துக்கொண்டே. "துஆ கேக்கிறதுக்குப் பேரு வேணுமா? இன்னிக்கு லுஹர்லேர்ந்து கேட்டாப் போச்சு." இனி அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடிப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. வாசற்படியை மறுபடி பூச வேண்டாம், அந்தக் கால்தடம் அப்படியே இருக்கட்டும் என்றார் முத்தவல்லி. கொத்தனாருக்கு மட்டும் அதில் சம்மதமில்லை.

கிளம்பும்போது ஸ்டூடியோக்காரர் வளையத்தருகே தயங்கி நின்றார். அதில் அவருடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணி, இனிமே இதுல மாட்டலாமா?"

"மாட்டுங்க தம்பி. வந்தவங்களுக்காகப் போட்ட வளையம்தானே," என்றார் அவர். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தேய்ந்த அந்த இரும்பை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.