கண்ணீர் அத்தியாயம்

சாப்பாட்டு மேசையில் மெழுகுவத்தி இடம் மாறியிருந்தது. எப்போதும் அது வெண்டலினின் தட்டருகே நிற்கும். எழுதியதைச் சாப்பிட்டுக்கொண்டே திருத்துவது அவன் பழக்கம். இன்று அது அவன் மனைவி அப்போலோனியாவின் முகத்துக்கு நேரே நின்றது, இமை மயிரைச் சுடும் நெருக்கத்தில்.

மதியம்தான் மகள் ஒட்டிலியை அடக்கம் செய்தார்கள். நான்கு வயது. காய்ச்சல். வந்துபோனவர்களின் ஈரக் கம்பளி வாடையும் சிந்திய பீரின் புளிப்பும், அவற்றுக்கு அடியில் குழந்தையின் நெஞ்சில் தேய்த்த வாத்துக் கொழுப்பின் வாசனையும் கூடத்தைவிட்டு இன்னும் போகவில்லை. குளிரில் மாடிப்படி முனகும்போதெல்லாம் சின்னக் கால்கள் இறங்கி வருவதாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் கண் நனையவில்லை.

"எங்க வீட்டுப் பூனை செத்தப்பகூட நான் இதைவிட அழுதேன் அண்ணி," என்று கல்லறையிலேயே சொல்லிவிட்டாள் நாத்தனார் குனிகுண்டா. வெண்டலின் திரும்பி மனைவியைப் பார்த்தான். அப்போது தொடங்கிய பார்வை இன்னும் அவள்மேல்தான் இருந்தது.

அவன் பிஷப்பின் நீதிமன்றத்தில் ஆலோசகன். சூனியக்காரிகளை விசாரிக்கும் முறை பற்றி இரண்டு குளிர்காலமாகப் புத்தகம் எழுதுகிறான். எழுதியதை முதலில் கேட்பவள் அப்போலோனியாதான். சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்று அதில் ஓர் அத்தியாயம். நீதிபதி அவள் தலையில் தன் கையை வைத்து, அழச் சொல்ல வேண்டும். அழாதவளைச் சித்திரவதைக்கு அனுப்பலாம். தச்சனின் மனைவி அப்படித்தான் போனாள், திரும்பவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க," என்று, அவன் அதை வாசித்துக் காட்டிய இரவு சூப்பை ஊற்றியபடி அப்போலோனியா சொல்லியிருந்தாள்.

"லோனி," என்றான் இப்போது, அன்பாக. "மனசுக்குள்ளயே வச்சுக்காத. அழுதுடும்மா."

"வரமாட்டேங்குதுங்க."

"எனக்காக. கொஞ்சம்."

எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தான். வெதுவெதுப்பான கை. கனத்தது.

மகளை நினைத்தாள். சின்னப் பெட்டி. மண். ஒன்றும் வரவில்லை.

கைக்குட்டையில் முகத்தைப் புதைத்தாள். விரலை நாக்கில் நனைத்தாள். இமைக்குக் கீழே தடவினாள். கன்னத்தில். மறுபடியும். எச்சில் தடவி ஏமாற்றுவார்கள், நீதிபதி ஏமாறக் கூடாது என்று அதே அத்தியாயத்தில் அவன் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தபோது முகம் நனைந்துவிட்டிருந்தது. வேறு வழியில்லை. தோளைக் குலுக்கினாள்.

அவன் கைக்குட்டையை மெல்ல விலக்கினான்.

"அப்பாடா. அழுதுட்டியா, என் தங்கம்."

குனிந்து கன்னத்தில் முத்தமிட்டான். அவளுக்கு உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

உதடு விலகவில்லை.

அதன் நடுவிலிருந்து நாக்கின் நுனி வந்தது. மெதுவாக. கன்னத்திலிருந்து மேலே. நின்றது. உப்பைத் தேடி ருசித்தது. இமையோரத்தில் இன்னொரு முறை.

தலைமேல் இருந்த விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் முடிக்குள் இறுகின.