டம்ளருக்கு மாறிய ஆணிகள்

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் உட்காரவில்லை. "சார், நேத்து என் புருஷன் போய்ட்டார். அவரை அடிச்சுக் கொன்னுட்டான்னு என் தம்பியைப் பிடிச்சு வச்சிருக்காங்க. அவனையாவது எனக்கு மீட்டுக் குடுங்க."

கணவர் சோபா தைப்பவர். போன வாரம் பட்டறையில் மைத்துனனோடு பெரிய சண்டை. தெருவில் பாதிப் பேர் அந்தக் கூச்சலைக் கேட்டார்கள். கேட்காத பாதிப் பேர் இன்னும் விவரமாகச் சாட்சி சொன்னார்கள். மறுநாள் அவருடைய இடது கண் வீங்கிப் பிதுங்கியது. பிறகு வலது கண். கடும் காய்ச்சல், பிதற்றல், மரணம்.

"மச்சான்தான் சார், சந்தேகமே இல்ல!" என்றான் துப்பறிவாளரின் உதவியாளன். அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் அவனுடைய அம்மா. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

துப்பறிவாளர் அவளோடு பட்டறைக்குப் போனார். பாதியில் நின்ற சோபா. பக்கத்தில் டீ டம்ளர் நிறையக் குட்டி ஆணிகள்.

"ஆணியை எப்பவும் டம்ளர்லதான் வைப்பாரா?"

"இல்ல சார், வாயிலதான். இடது கடவாயில அடக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா நாக்கால தள்ளுவார். அப்படியே என்னைத் திட்டவும் செய்வார்." என்றாள் அவள்.

"டம்ளருக்கு எப்ப மாறினார்?"

"சண்டைக்கு முன்னாடியே. அந்தப் பக்கம் மேல்பல்லு வலின்னார்."

"கண்ணைச் சுத்திக் கன்றியிருந்துதா?"

"இல்ல. செவந்து வீங்கியிருந்துச்சு. இமையைத் தூக்கவே முடியல."

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் வந்தது. சற்றுப் பொறுத்து இன்ஸ்பெக்டர் வந்தார். மைத்துனன் சுவரோரம் குந்தியிருந்தான்.

"இடது கண்ணை இவன் குத்தினான்னே வச்சுக்குவோம்," என்றார் துப்பறிவாளர். "வலது கண்ணை யார் குத்தினது? காய்ச்சலை யார் குத்தினது?"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"பல்லுல சீழ் வச்சிருக்கு. முகத்து ரத்தக் குழாய்கள்ல ரத்தம் பின்னோக்கியும் போகும். கண்ணுக்குப் பின்னால, மூளைக்கு அடியில ரத்தம் சேர்ற அறை ஒண்ணு இருக்கு. கிருமி அங்க ஏறி ரத்தம் உறைஞ்சிருக்கு. இடது அறைக்கும் வலது அறைக்கும் உள்ளுக்குள்ளயே வழி உண்டு. பிரேதப் பரிசோதனையில அங்க பார்க்கச் சொல்லுங்க."

பார்த்தார்கள். அப்படியே இருந்தது.

"அப்ப சண்டை எதுக்குய்யா?" என்று மைத்துனனைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பல் டாக்டர்கிட்ட கூப்பிட்டேன், மாமா வரமாட்டேன்னார். முதல் நாளே சொன்னேனே சார். பல்லு வலியில எவன்டா சாவான்னு சிரிச்சீங்க."

"சரி, நீ போகலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து கையைப் பிடித்தாள்.

"நான் மாமா மேல கையே வைக்கல அக்கா," என்றான். "வச்சிருக்கணும். நாலு அறை விட்டாவது இழுத்துட்டுப் போயிருக்கணும்."